நடந்ததா என்று கேட்கக்கூடாது

ஜூன் 8, ஞாயிறு

தினமும் நாட்குறிப்பு எழுதுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்று வகுப்பில் பர்வீன், "நீங்க எழுதறீங்களா சார்?" என்று கேட்டுவிட்டாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். காலாவதித் தேதி பார்த்துப் பழகிய கண். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பொய்யைக் காப்பாற்ற இந்த டைரியை எடுத்திருக்கிறேன்.

எனக்கு இரண்டு சிறுகதைத் தொகுதிகள் உண்டு. இரண்டாவது வந்தபோது மகள் நிவேதா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். இப்போது அவளுக்கு ஓசூரில் வேலை, கல்யாணம், தனிக்குடித்தனம் எல்லாம் ஆகிவிட்டது. நடுவில் நான் எழுதியதெல்லாம் வகுப்புக் குறிப்புகள்தான். எழுத வராமல் போனவன் எழுதக் கற்றுக்கொடுக்கக் கூடாது என்று சட்டமா இருக்கிறது. வடவள்ளியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஞாயிறுதோறும் கதைப் பட்டறை நடக்கிறது. காலண்டருக்குப் பக்கத்தில் விதிகள் எழுதிய சார்ட் தொங்குகிறது. 'சொல்லாதே, காட்டு.' 'உன் கதை பேசப்படும்போது நீ பேசாதே.' கடைசியாகச் சிவப்பு மையில், 'நடந்ததா என்று கேட்கக்கூடாது.' இந்தக் கடைசி விதியில் எனக்குப் பெருமை அதிகம். கதையை எழுதியவரின் வாழ்க்கையோடு ஒட்டிப் பார்க்க ஆரம்பித்தால் ஒருவரும் உண்மையை எழுத மாட்டார்கள்.

வகுப்பு முடிந்ததும் டம்ளர்களை எடுக்க வந்த என் மனைவி சாந்தாமணி, தட்டோடு அப்படியே நின்றாள்.

"ஏனுங்க, அடுத்த வாரத்துலருந்து நானும் உக்காரட்டுங்களா?"

"எங்க?"

"இங்கதானுங்க. கதை எழுத."

"அப்ப டீ?" என்றேன்.

விளையாட்டாகத்தான் கேட்டேன். தேவராஜ் மட்டும் சிரித்தார். ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ் ஏஜென்ட் அவர், எதற்கும் சிரித்துவைப்பார்.

"வெச்சுப்போட்டு வந்து உக்காந்துக்கறேனுங்க" என்றாள்.

ஜூன் 15, ஞாயிறு

இதுவரை இரண்டு பேர் இருந்த வகுப்பில் இன்று மூன்று பேர். சாந்தாமணி தன் கதையின் முதல் பகுதியை வாசித்தாள். சரசு என்று ஒருத்தி. அவள் கணவர் பாட்டு வாத்தியார். ஞாயிறுதோறும் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறார். சரசு சமையலறையிலிருந்து கேட்டுக் கேட்டே எல்லா ராகமும் தெரிந்துகொள்கிறாள். யாரும் அவளைப் பாடச் சொல்வதில்லை.

நன்றாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. பாராட்டிவிட்டுக் குறையையும் சொன்னேன். கணவன் பாத்திரம் 'அவர்', 'அவர்' என்றே வருகிறது. பெயர் இல்லாத பாத்திரம் சுவரில் விழுந்த நிழல் மாதிரி. பெயர் வை, ஆள் எழுந்து உட்காருவான்.

கதை பேசப்படும்போது எழுதியவர் பேசக்கூடாதே, அதனால் அவள் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டாள். எல்லாரும் போனபிறகு, "பேரு சொல்ல வராதுங்க" என்றாள். உண்மைதான். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் என் பெயர் வந்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால் அட்டையைத் திருப்பிக் காட்டுவாள். நிவேதாவின் பள்ளிக்கூடத்தில் அப்பா பெயர் கேட்டபோது பக்கத்திலிருந்தவளைச் சொல்லச் சொன்னாளாம்.

"உன் புருஷன் பேரையா சொல்லச் சொன்னேன்? கதைல வர்ற ஆளுக்குத்தானே?" என்றேன்.

"ஆமாங்க" என்றாள்.

ஜூன் 18, புதன்

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. மெக்கானிக் நாளைக்கு வருகிறானாம். சாந்தா கோயிலுக்குப் போயிருந்தாள். எனக்கு மட்டும் சோறு வைக்கச் சின்ன குக்கரைத் தேடினேன், காணோம். பரணில் இருக்கும்.

ஜூன் 22, ஞாயிறு

இன்றைய பாடம்: பாத்திரத்துக்கு என்ன வேண்டும்? ஒரு டம்ளர் தண்ணீராவது வேண்டும் என்று ஆசைப்படாத பாத்திரத்தை வைத்துக் கதை நகராது. பர்வீனுக்கும் தேவராஜுக்கும் நன்றாகவே விளங்கியது.

சாந்தாமணியின் கதையை எடுத்துக்கொண்டு, "இந்தச் சரசுக்கு என்னதான் வேண்டும்? அது தெரியாமல் நான் ஏன் அவள் பின்னால் போக வேண்டும்?" என்று கேட்டேன். கறாராகத்தான் கேட்டேன், மனைவி என்று சலுகை காட்டக் கூடாது.

"அந்த வாத்தியாரும் இதுவரைக்கும் அதைக் கேக்கலையே சார்" என்றாள் பர்வீன்.

வீட்டுப்பாடமாக, தங்களுக்கு மிக நெருக்கமான ஒருவருக்கு என்ன வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னேன். அவர்களோடு சேர்ந்து நானும் எழுதுவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

வீட்டுப்பாடத்துக்கு உட்கார்ந்தேன். 'சாந்தாமணிக்கு வேண்டியது' என்று தலைப்பு எழுதினேன். மிக்சிக்குப் புது ஜார் வேண்டும் என்று ஆடி மாதமோ ஆவணி மாதமோ சொன்னாள். போன வருஷமா, அதற்கு முந்தின வருஷமா என்பது நினைவில்லை.

அதற்குமேல் ஓடவில்லை. மிக்சி ஜாரை வைத்து ஒரு பக்கம் எழுத முடியாது.

ஜூன் 29, ஞாயிறு

சரசுக்கு அக்குளில் ஒரு கட்டி. யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். ஊசி போட்டுச் சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். கூட வந்தவர் யார் என்று நர்ஸ் கேட்கிறாள். வெளியே நிற்கிறார் என்று பொய் சொல்கிறாள். பஸ் ஏறி வீட்டுக்கு வருகிறாள். முன்னறையில் பாட்டு வாத்தியார், ஏக்கத்தை எப்படிக் குரலில் கொண்டுவருவது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். பிளாஸ்திரி ஒட்டிய கையால் எல்லாருக்கும் டீ கொண்டுவந்து வைக்கிறாள். அவர் நிமிர்ந்து பார்க்காமல், "சர்க்கரை கம்மி" என்கிறார்.

நான் இரண்டு கருத்துகள் சொன்னேன். சர்க்கரை வசனம் பிரமாதம். ஒரே வரியில் ஆளைப் பிடித்துவிட்டாய். ஆனால் கட்டியில் ஒன்றுமில்லை என்று அடுத்த பத்தியிலேயே சொல்லிவிட்டாய். அதைக் கடைசிவரை ஒளித்துவைத்திருக்க வேண்டும்.

தேவராஜ் சிரிக்கவில்லை. பர்வீன் தாளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆளாளுக்குக் கதையில் ரொம்ப ஊறிப்போய்விடுகிறார்கள்.

ஜூன் 30, திங்கள்

எனக்குப் பாட்டு வராது. கதையில் வருகிறவர் பாட்டு வாத்தியார்.

போன வருஷமோ எப்போதோ சாந்தாவுக்கு ஒரு கையைத் தூக்க முடியாமல் இருந்தது உண்மைதான். தண்ணீர்த்தொட்டி மூடியைத் தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்று அவளேதான் சொன்னாள்.

இன்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "அந்த ஆஸ்பத்திரி கட்டம் இருக்கே..."

"கிளாசுல பேசலாமுங்க."

"இல்ல, அது..."

"நடந்ததான்னு கேக்கக் கூடாதுன்னு நீங்கதான எழுதி ஒட்டியிருக்கறீங்க" என்றாள். கோபமே இல்லை. கீரைத் தண்டைக் கிள்ளிக்கொண்டேதான் சொன்னாள்.

ஜூலை 2, புதன்

மோட்டார் சரியாகிவிட்டது. பரணில் ஏறிப் பார்த்தேன். குக்கர் அங்கேயும் இல்லை. அவளுடைய எவர்சில்வர் டம்ளர், இஸ்திரிப் பெட்டி, குளிருக்குப் போர்த்துகிற நீலப் போர்வை, ஒன்றும் கண்ணில் படவில்லை. நிவேதாவுக்குக் கொடுத்து அனுப்பியிருப்பாள்.

ஜூலை 3, வியாழன்

நிவேதாவுக்குப் போன் செய்தேன். அவளிடம் எதுவும் கொடுக்கவில்லையாம். "அம்மாகிட்டயே கேளுங்கப்பா, எங்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?" என்று வைத்துவிட்டாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

சரசுக்கு ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையற்கட்டைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்திருக்கிறது. தங்க அறையும் உண்டு. கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு வாரமும் பைக்குள் ஒரு சாமானை வைத்து அந்த அறைக்குக் கொண்டுபோய் வைக்கிறாள். முதலில் ஒரு குக்கர்.

நான் வாத்தியார். என் வேலை கதையைச் சரிசெய்வது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னேன்: "இந்தக் கணவன் ஒரேயடியாகக் கெட்டவனாக இருக்கிறான். யாரும் அப்படி இருக்க மாட்டார்கள். அவனுக்கு ஒரு நல்ல குணமாவது கொடு. அப்போதுதான் அவள் முடிவுக்குக் கனம் இருக்கும்."

"கெட்டவர் மாதிரி எங்கயும் வரலையே சார். அடிக்கல, திட்டல" என்றாள் பர்வீன்.

சாந்தாமணி கையைத் தூக்கினாள். விளக்கம் கேட்க மட்டும் எழுதியவருக்கு அனுமதி உண்டு.

"என்ன குணம் குடுக்கலாமுன்னு நீங்களே சொல்லுங்க."

எனக்கு வியர்த்தது. மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. "அவளுக்கு ஒரு தடவை பல்வலி வந்தப்ப ராத்திரி பூராவும் முழிச்சு உக்காந்திருந்தான்னு வைக்கலாமே."

"அப்படி ஒண்ணு இந்தக் கதைல இல்லீங்களே" என்றாள். "நடுவுல கொண்டாந்து ஒட்ட வெச்ச நல்ல குணம் தனியாத் துருத்திக்கிட்டு நிக்குமுன்னு நீங்கதான தேவராஜ் அண்ணன் கதைக்குச் சொன்னீங்க."

தேவராஜ் ஆமாம் என்று தலையாட்டினார். அந்த மனுஷருக்கு இந்தச் சமயத்திலா ஞாபகசக்தி வர வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

துருத்திக்கொண்டு நிற்காமல் இருக்க வேண்டுமானால் முன்பே விதைத்திருக்க வேண்டும். முன்பே என்பது போய்விட்டது. இன்றாவது விதைப்போம்.

காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து டீ போட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, துடைத்தேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். குடித்தாள். சர்க்கரை சரியா என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன்.

ஜூலை 9, புதன்

டீ. மார்க்கெட்டுக்குக் கூடப் போய்ப் பையைத் தூக்கிவந்தேன். மிக்சி ஜார் வாங்கினேன்.

ஜூலை 11, வெள்ளி

டீ. ஒட்டடை அடித்தேன். மிக்சி ஜாரை அவள் இன்னும் அட்டைப்பெட்டியிலிருந்து எடுக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

அவள் இன்று வாசித்ததை நினைவிலிருந்து அப்படியே எழுதுகிறேன்.

'அவர் டீ போட்டார். மறுநாளும் போட்டார். தன்னைப் பற்றி யாரோ எழுதுகிறார்கள் என்று தெரிந்தவர் போடுகிற டீயாக அது இருந்தது. சரசு குடித்தாள். நன்றாகவே இருந்தது. இவ்வளவு சுலபமாகப் போட முடிகிற டீயா என்றுதான் அவளுக்கு அழுகை வந்தது.'

பர்வீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தப் பத்தியில் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது என்றேன். வாத்தியாராக நான் சொன்னது சத்தியமான உண்மை. அந்தப் பத்தியை எழுதியது வேறு ஒருத்தியாக இருந்திருந்தால் எழுந்துபோய்க் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பேன். இவளிடம் எழுந்து போகாமல் தேவராஜை வாசிக்கச் சொன்னேன்.

ஜூலை 16, புதன்

சாந்தா கோயிலுக்குப் போனாள். எனக்கும் ட்யூப்லைட் வாங்க வேண்டியிருந்தது. பீளமேட்டில் நல்லதாகக் கிடைக்கும் என்பதால் இரண்டு பஸ் மாறி அங்கே போனேன். அவளும் அதே பஸ்ஸில் முன்பக்கம் உட்கார்ந்திருந்தாள், தற்செயல்தான்.

அங்கே ஒரு லேடீஸ் ஹாஸ்டல் இருக்கிறது. மாடியில் ஒரு ஜன்னலில் நீலப் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. காம்பவுண்டுக்குள் சாந்தா யாரோ இரண்டு பெண்களோடு பேசிக்கொண்டு நின்றாள். கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். ஒரு பெண் எதற்கோ சிரித்தாள், இவளும் சேர்ந்து சிரித்தாள். அவள் பேசி இரண்டு பேர் கேட்டு நான் பார்த்ததில்லை.

ட்யூப்லைட் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். சாந்தாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை அதிகம். மனசு கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

கதை முடிவுக்கு வந்துவிட்டது. சரசு அறையில் எல்லாம் சேர்த்துவிட்டாள். போவதா, இருப்பதா என்ற இடத்தில் நிறுத்தி, வகுப்பின் கருத்தைக் கேட்டாள்.

இத்தனை காலத்தில் நான் இவ்வளவு உயிரைக் கொடுத்துப் பாடம் நடத்தியதில்லை. போவது எளிது என்றேன். கதவைத் திறந்தால் கதை முடிந்தது. ஆயிரம் பேர் எழுதிய முடிவு. இருப்பதுதான் கடினம். கட்டின சாமானை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்து அதே அலமாரியில் வைக்கிறாள் என்று எழுதிப் பார், வாசகன் ஆடிப்போவான். குரல் என்னை மீறி உயர்ந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் கேட்டிருக்கும்.

"சார், என் கதைக்கு நீங்கதான் சொன்னீங்க, நாயகி கடைசிவரை எதுவும் செய்யாம உக்காந்திருந்தா அது கதையே இல்லைன்னு" என்றாள் பர்வீன்.

"அது வேற கதை."

"எப்படி சார் வேற?"

தேவராஜைப் பார்த்தேன். என் பக்கம் பேசுவார் என்று நம்பினேன்.

"போகட்டும் சார்" என்றார் அவர். "அந்தம்மா போனாத்தான் வாத்தியாருக்கு ஏதாச்சும் வெளங்கும்."

"வெளங்கிருச்சுன்னா?" என்று கேட்டேன். "போறதுக்கு முன்னாடியே வெளங்கிருச்சுன்னா?"

சாந்தாமணி தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். எழுதியவர் பேசக்கூடாதே.

ஜூலை 24, வியாழன்

மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் துணி தனி, அவள் துணி தனி. எதிரில் போய் உட்கார்ந்தேன். கேட்டுவிடுவது என்றுதான் உட்கார்ந்தேன்.

"சரசு கடைசில என்ன பண்றா?"

"இன்னும் எழுதலீங்க."

"நான் சொன்னதை யோசிச்சியா?"

"யோசிச்சுட்டேதானுங்க இருக்கேன். நெறையச் சொல்லியிருக்கறீங்களே."

போகாதே என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூன்றே எழுத்துள்ள ஒரு சின்னச் சொல், என் வாயில் வரவில்லை. உளுந்து ஊறப்போட்டாயா என்று கேட்டேன். போட்டாச்சுங்க என்றாள்.

ஜூலை 27, ஞாயிறு

கடைசிப் பகுதி. சாந்தாமணி நின்றுகொண்டு வாசித்தாள். ஆடி மாதத்தில் போகிறாயே என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்கிறாள். நான் என்ன பால் காய்ச்சவா போகிறேன், வேலைக்குத்தானே என்கிறாள் சரசு. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறாள். அடுத்த வரி:

'குமரேசன் எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார்.'

தடுமாறாமல் வாசித்தாள். மூன்று பேர் முன்னால், உரத்த குரலில், என் பெயர். ரேஷன் கடையில், பள்ளிக்கூடத்தில், எங்கேயும் வராத பெயர். அதற்குப் பிறகு பத்தியில் இன்னும் இரண்டு இடத்தில் வந்தது. ஒவ்வொரு தடவையும் என் காதில் அறை விழுந்த மாதிரி இருந்தது. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று இருந்தவள் சொல்கிறாள் என்றால், அந்தப் பெயர்க்காரன் இனி அவளுக்கு யார்?

வாசித்து முடித்து உட்கார்ந்தாள். தேவராஜ் செருப்பு எங்கே கிடக்கிறது என்று தேடுகிறவர் மாதிரி வாசலைப் பார்த்தார். பர்வீன் சிவப்பு மையில் எழுதிய விதியைப் பார்த்தாள். யாரும் எதையும் கேட்க முடியாது. கேட்க முடியாதபடி நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

வாத்தியார் ஏதாவது சொல்லியாக வேண்டும். "பெயர் வைத்ததும் பாத்திரம் எழுந்து உட்கார்ந்துவிட்டது" என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை.

ஜூலை 28, திங்கள்

ஒரு பைதான் இருந்தது. மற்றதெல்லாம் முன்பே போய்விட்டதே.

தண்ணீர் நாளைக்கு வரும், மோட்டார் போட்டால் நிறுத்த மறக்க வேண்டாம் என்றாள். சரி என்றேன். இட்லி மாவு ஃப்ரிஜ்ஜில் இருக்கிறது என்றாள். அதற்கும் சரி என்றேன். பிறகு அதுவரை கேட்காததைக் கேட்டேன்.

"அந்தக் கட்டி நெசமா, சாந்தா?"

"ஒண்ணுமில்லைன்னு அப்பவே வந்துருச்சுங்க."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லலாமுன்னுதான் அன்னைக்கு டீயக் கொண்டுக்கிட்டு வந்தேன்" என்றாள்.

கதையில் இருந்த மாதிரியே நான்தான் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டேன். வேறு எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. "போயிட்டு வர்றேனுங்க" என்றாள். எல்லாரும் சொல்வதுதான். ஆனாலும் அந்த 'வர்றேனை'ப் பிடித்துக்கொண்டு இன்று பொழுதை ஓட்டினேன்.

ஜூலை 31, வியாழன்

போன் செய்தால் எடுக்கிறாள். நன்றாக இருக்கிறாளாம். தொட்டி நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வகுப்பை ரத்து செய்துவிடலாம் என்று நினைத்தேன். செய்தால் வீட்டில் பேச்சுச் சத்தமே இருக்காது என்று விட்டுவிட்டேன். டீ போட்டுவைத்தேன். பர்வீனும் தேவராஜும் வந்து உட்கார்ந்தார்கள். மூன்றாவது நாற்காலியை எடுத்து உள்ளே போட மனம் வரவில்லை.

காலிங் பெல் அடித்தது. போய்த் திறந்தேன். சாந்தாமணி நின்றாள். அவளிடம் இந்த வீட்டுச் சாவி இருக்கிறது. செருப்பைக் கழற்றி, பர்வீன் செருப்புக்குப் பக்கத்தில் ஒழுங்காக விட்டாள்.

"லேட்டாயிருச்சுங்க சார். பஸ் கெடைக்கல" என்றாள்.

மற்றவர்கள் கூப்பிடுகிற அதே 'சார்'. வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து, புதுக்கதையின் முதல் பக்கத்தை எடுத்தாள். ஹாஸ்டல் பெண்களைப் பற்றியது. போன கதையைவிட நன்றாக இருந்தது. அதில் கணவன் யாரும் இல்லை.

வாசித்து முடித்ததும் நான் எழுந்துபோய்ச் சார்ட்டில் ஒரு விதியை அடித்தேன். கோடு கோணலாகப் போனது. "இனிமேல் இங்கே எழுதியவரும் பேசலாம்" என்றேன். "சாந்தா, நீ பேசு. என்ன வேணும்னாலும் பேசு. நான் கேக்கறேன்."

பர்வீனும் தேவராஜும் அவளைப் பார்த்தார்கள். அவள் பேனாவை மூடித் தாளின் மேல் வைத்தாள்.

"இல்லீங்க சார்" என்றாள். "நீங்களே பேசுங்க. கேட்டே பழகிப்போச்சு."